சாப்பிடும் முன் கை கழுவுதல்: கொழும்பு வாழ்க்கைக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில், மதிய வேளையில் கை கழுவும் தொட்டியருகே சிறிது நேரம் நின்று பார்த்தால் நமது பழக்கம் ஒன்று தெளிவாகப் புலப்படும். உள்ளே வருபவர்களிற் பலர் குழாயைத் திறந்து, விரல் நுனிகளை நனைத்து, கையை உதறிவிட்டு மேசைக்குப் போய்விடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர்களோ சவர்க்காரம் எடுத்து நுரை வரத் தேய்த்து, மீன் குழம்பின் மணம் போய்விட்டதா என்று முகர்ந்தும் பார்த்த பிறகே தொட்டியை விட்டு நகர்கிறார்கள். எண்ணெயும் மணமும் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகின்றன, கிருமி எட்டுவதில்லை. ஆனால், சோற்றைக் கையால் பிசைந்து உண்ணும் நமக்கு நோயைத் தடுப்பது சாப்பிடும் முன் கழுவும் கழுவல்தான். ஆகவே, சவர்க்காரமும் நேரமும் முதலில் அந்தக் கழுவலுக்கே உரியவை என்பதை மனத்திற் கொண்டு இந்த வழிகாட்டியை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சவர்க்காரம் ஏன் வேண்டும்

வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், ஏ வகைச் செங்கமாரி ஆகிய நோய்களின் கிருமிகள் ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவருடைய வாய்க்குப் போய்ச் சேர்கின்றன. அவை செல்லும் வழிகளில் தண்ணீரும் உணவும் ஈயும் இருந்தாலும், மிகக் குறுகிய வழி கைதான். தடிமனும் இன்புளுவன்சாவும் காற்றினால் மட்டுமன்றி, கிருமி பட்ட கையால் கண்ணையோ மூக்கையோ தொடுவதாலும் தொற்றுகின்றன. கை கழுவும் பழக்கத்தை ஒரு சமூகத்தில் வளர்த்தால் வயிற்றோட்டம் 23 முதல் 40 சதவீதம் வரையும், தடிமன் போன்ற சுவாச நோய்கள் 16 முதல் 21 சதவீதம் வரையும் குறைகின்றன என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு நிலையம் எடுத்துக் காட்டுகிறது. இத்தனை மலிவான வேறொரு தடுப்பு முறை வீட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தோலின் மேல் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கும். கிருமிகளும் அழுக்கும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெறும் தண்ணீர் அவற்றின் மேல் வழுக்கி ஓடிவிடுகிறது. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை தண்ணீரை நாடும். தேய்க்கத் தேய்க்க அந்தப் படலம் சிறு துளிகளாக உடைந்து, கிருமிகளையும் சுமந்துகொண்டு தண்ணீரோடு வெளியேறுகிறது. இன்புளுவன்சா, கொரோனா போன்ற வைரசுகளுக்குக் கொழுப்பாலான உறை இருப்பதால், சவர்க்காரம் அந்த உறையையே சிதைத்துவிடும். கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தும் நோரோவைரசுக்கு அந்த உறை இல்லை. அதனைக் கையிலிருந்து தேய்த்துக் கழற்றி ஓடவிடுவதே வழி. ஆகவேதான் நுரை வருவதுடன் வேலை முடிவதில்லை, தேய்ப்பதும் அலசுவதும் அதே அளவு முக்கியமாகின்றன.

எந்தச் சவர்க்காரம் நல்லது என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வேப்பஞ் சவர்க்காரம், சந்தனச் சவர்க்காரம், மலிவான சாதாரணச் சவர்க்காரம் யாவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 'கிருமிகொல்லி' என்று பெரிதாக அச்சிட்டு விற்கப்பட்ட சவர்க்காரங்களில் இருந்த ட்ரைக்ளோசான் உட்பட 19 இரசாயனங்களை, அவை சாதாரணச் சவர்க்காரத்தை விட மேலானவை என்பதற்குச் சான்று காட்டப்படவில்லை என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 ஆம் ஆண்டில் வீட்டுப் பாவனைக் கழுவு பொருட்களிலிருந்து விலக்கியது. வீட்டில் கட்டிச் சவர்க்காரம் வைப்பவர்கள், தண்ணீர் வடியும் துளையுள்ள தட்டில் அதனை வைத்தாற் போதும். குளம்போல் தேங்கிய நீரில் கிடந்து கரையும் சவர்க்காரத்தை யாரும் விரும்பி எடுக்கமாட்டார்கள். திரவச் சவர்க்காரப் போத்தலில் பழையது மிஞ்சியிருக்க அதன் மேலேயே புதியதை ஊற்றக்கூடாது. போத்தலைக் கழுவி, நன்றாகக் காயவிட்டே நிரப்ப வேண்டும்.

கழுவும் முறை

முதலில் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்ற இயலாத மோதிரத்தைச் சற்று நகர்த்தி அதன் அடியிலும் தேய்க்கலாம். கோயிலில் கட்டிய நூல் மணிக்கட்டில் இருந்தால் அதனை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக் கழுவி, பின்னர் நூலையும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். நாள்முழுதும் ஈரமாயிருந்து கறுத்துப்போகும் நூல், கழுவிய கையை மறுபடியும் அழுக்காக்கும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்து, ஓடும் நீரில் இரு கைகளையும் மணிக்கட்டு வரை நனைக்க வேண்டும். வெந்நீர் தேவையில்லை. தண்ணீரின் சூடு கிருமி அகற்றும் திறனைக் கூட்டுவதில்லை. கை தாங்கக்கூடிய சூட்டில் கிருமி சாவதுமில்லை. கொழும்பின் பெரும்பகுதிக்கு வரும் குழாய்நீர் களனி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் சேர்க்கப்பட்டு வருவது. கை கழுவ அது தாராளமாகப் போதும். நனைத்ததும் குழாயை மூடிவிடலாம். தேய்க்கும் நேரம் முழுவதும் தண்ணீரை ஓடவிடுவதால் பயனில்லை.

பின்னர் சவர்க்காரத்தை எடுத்து உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அதன்பின் ஒரு கையின் உள்ளங்கையால் மறு கையின் புறங்கையைத் தேய்த்து, விரல்களைக் கோத்து இடுக்குகளையும் தேய்த்து, கையை மாற்றி அதையே திரும்பச் செய்ய வேண்டும். விரல்களை மடக்கி, மறு உள்ளங்கையில் வைத்து, விரல்களின் பின்புறத்தை உரச வேண்டும். இவ்வளவையும் பெரும்பாலோர் ஓரளவுக்குச் செய்துவிடுகிறார்கள். தவறவிடப்படும் இடங்கள் இனித்தான் வருகின்றன: பெருவிரலும் விரல் நுனிகளும். பெருவிரலை மறு கையால் முழுதாகப் பற்றி, அடிப்பகுதி வரை சுழற்றித் தேய்க்க வேண்டும். விரல் நுனிகளை ஒன்றாகக் குவித்து, மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, நகங்களுக்கடியில் நுரை புகும்படி சுரண்ட வேண்டும். சோற்றைப் பிசைவதும், உருட்டுவதும், வாய்க்குக் கொண்டுபோவதும் இந்த ஐந்து நுனிகளே என்பதால், நேரம் குறைவாக இருக்கும்போதுகூட இதனை மட்டும் விட்டுவிடலாகாது. கடைசியாக மணிக்கட்டுகளைத் தேய்க்க வேண்டும்.

தேய்ப்பதற்கு மட்டும் குறைந்தது 20 விநாடிகள் வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை அவசரமில்லாமல் எண்ணினால் அந்த நேரம் ஆகிவிடும். நனைப்பது முதல் துடைப்பது வரை முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் 40 முதல் 60 விநாடிகள் வரை சொல்கிறது.

பிறகு நுரை முற்றாகப் போகும்வரை ஓடும் நீரில், விரல் நுனி கீழ்நோக்கி இருக்க அலச வேண்டும். பொதுக் குழாயாக இருந்தால், அழுக்குக் கையால் திறந்த அதே பிடியைக் கழுவிய விரலால் மூடாமல், புறங்கையாலோ முழங்கையாலோ ஒரு கடதாசியைப் பிடித்தோ மூடுவது நல்லது.

துடைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈரக் கை கிருமிகளை உலர்ந்த கையைவிட எளிதாக வாங்கிக்கொள்ளும், எளிதாகக் கொடுத்தும்விடும். நமது சாப்பாட்டுக் கடைகளில் கை துடைக்க வெட்டி வைத்திருக்கும் பழைய அச்சுக் கடதாசித் துண்டுகள் எத்தனை கைகள் மாறி வந்தவையோ தெரியாது. அவற்றில் அச்சு மையும் இருக்கிறது. சாப்பிடும் முன் அவற்றால் துடைப்பதைத் தவிர்த்து, சொந்த லேஞ்சியாற் துடைப்பதே என் பரிந்துரை. ஆனால், மூக்குச் சிந்தும் லேஞ்சி வேறு, கை துடைக்கும் லேஞ்சி வேறு என்று இரண்டு வைத்திருக்க வேண்டும். லேஞ்சி இல்லாவிட்டால் கையை உதறிக் காற்றில் காயவிடலாம். வீட்டில் தொட்டியருகே தொங்கும் துவாய், கொழும்பின் ஈரக் காற்றில் நாள்முழுதும் காயாமலே இருக்கும். குடும்பத்தில் எல்லாரும் அதிலேயே துடைப்பதாயின் தினமும் மாற்றி, தோய்த்து, வெயிலில் உலர்த்த வேண்டும். தொடர்மாடி வீட்டில் வெயில் படும் பல்கனிக் கொடி எதற்குப் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்பட வேண்டும்.

எப்போது கழுவ வேண்டும்

சாப்பிடும் முன், சமைக்கும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன், காயத்துக்கு மருந்து போடும் முன் கழுவ வேண்டும். மலசலகூடம் போய்வந்தபின், குழந்தையின் மலம் கழுவிவிட்டபின், மூக்குச் சிந்தியபின், பச்சை மீனையோ இறைச்சியையோ தொட்டபின், குப்பையைத் தொட்டபின், பூனை நாய்களைத் தொட்டபின், வெளியிலிருந்து வீடு வந்தபின் கழுவ வேண்டும். இவற்றுள் மலசலகூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். தண்ணீரால் சுத்தம் செய்யும் நமது முறை உடலுக்கு நல்லதே. ஆனால், இடக்கைதான் அந்த வேலையைச் செய்தது, வலக்கையால்தான் உண்கிறோம் என்று நினைத்து வலக்கையைக் கழுவாமல் விடுவது பெரும் பிழை. தண்ணீர் பீச்சும் குழாயையும் கதவுத் தாழ்ப்பாளையும் வாளியின் பிடியையும் இரண்டு கைகளும் தொடுகின்றன. இரு கைகளையும் சவர்க்காரமிட்டே கழுவ வேண்டும். தொழுகைக்கு முன் வுழூச் செய்வதும், கோயிலுக்குள் நுழையும் முன் கை கால் கழுவுவதும் வழிபாட்டுக்கு உரியன. அதற்குப் பின் அன்னதானத்துக்கோ கஞ்சிக்கோ அமர்பவர்கள் சவர்க்காரத்தோடு இன்னொரு முறை கழுவிக்கொள்வதே முறை.

வெளியே போகும்போது

காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸிலோ 101 ஆம் இலக்க பஸ்ஸிலோ நின்றபடி புறக்கோட்டை வரை போகிறவர், மேலே உள்ள கம்பியையும் இருக்கைகளின் பிடிகளையும் பற்றி, நடத்துநர் தரும் சில்லறையையும் வாங்கி, இறங்கியதும் பஸ் நிலையத்தில் ஒரு சரை அவித்த கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு நடக்கிறார். பஸ்ஸில் ஏறுவதையோ கம்பியைப் பிடிப்பதையோ தவிர்க்க முடியாது, தவிர்க்க வேண்டியதுமில்லை. கழுவும்வரை முகத்தைத் தொடாமலும், கையால் எதையும் உண்ணாமலும் இருந்தாற் போதும். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்குகிறவர் தண்ணீர் கிடைக்காவிட்டால், வடையைக் கடதாசியோடு சேர்த்துப் பிடித்து, விரல் படாமல் கடித்துச் சாப்பிடலாம்.

தண்ணீர் கிடைக்காத இடங்களில் சானிடைசர் உதவும். அதில் மதுசாரம் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். போத்தலின் மேற்தாளைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் மட்டும் பூசுவதில் பயனில்லை. இரு கைகளும் நனையும் அளவுக்கு எடுத்து, மேலே சொன்ன அதே ஒழுங்கில், பெருவிரலும் நுனிகளும் விடுபடாமல், கை தானாகக் காயும்வரை 20 முதல் 30 விநாடிகள் தேய்க்க வேண்டும். காயும் முன் துடைத்துவிட்டால் வேலை நடந்திராது. எண்ணெய்ப் பிசுக்கோ மண்ணோ மீன் செதிலோ உள்ள கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. நோரோவைரசுக்கும், சிறு பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய் நோயின் வைரசுகளுக்கும் எதிராக அது பலம் குறைந்தது. ஆகவே வீட்டில் வாந்தியோ வயிற்றோட்டமோ உள்ளபோது சானிடைசரை நம்பியிராமல் சவர்க்காரத்தையே நாட வேண்டும். மதுசாரம் எளிதில் தீப்பற்றக் கூடியது. பூசிய கை நன்றாகக் காய்வதற்குள் விளக்கேற்றவோ காஸ் அடுப்பைப் பற்றவைக்கவோ கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் போத்தலை வைக்கவும் கூடாது.

2020 ஆம் ஆண்டில் கடைகள், வங்கிகள், அலுவலகங்கள் எல்லாவற்றின் வாசலிலும் காலால் மிதித்துத் திறக்கும் கை கழுவும் தொட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றிற் பல இன்று தண்ணீரின்றி, சவர்க்காரமின்றிக் கிடக்கின்றன. கடை உரிமையாளர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்தத் தொட்டிக்கு மறுபடியும் தண்ணீர் கொடுங்கள். கொரோனாவுக்கு முன்னும் வயிற்றோட்டம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அலுவலகத்தில் மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிப்பவர்களுக்கும் ஒரு சொல். பார்சலைப் பிரித்து, கறிகளைத் திறந்து வைத்து, எல்லாவற்றையும் ஒழுங்கு செய்த பிறகு கை கழுவப் போக வேண்டும். கழுவி வந்தபின் கைத்தொலைபேசியைத் தொடக்கூடாது. நாள்முழுதும் எங்கெங்கோ வைத்தெடுத்த கருவி அது. கழுவிய வலக்கையால் ஒரு தடவை திரையைத் தள்ளிவிட்டுச் சோற்றில் கை வைத்தால், கழுவியதன் பயன் பெரிதும் போய்விடும்.

சமையலறையில்

நமது சமையலில் கையே முதற் கருவி. தேங்காய் திருவுவதும், பால் பிழிவதும், மா குழைப்பதும், சம்பல் பிசைவதும் கையால்தான் நடக்கின்றன. வல்லாரைச் சம்பலை எடுத்துக்கொள்வோம். பச்சையிலையைக் கழுவி, மிக மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சம் புளி சேர்த்துக் கையால் பிசைகிறோம். அதன்பின் அது அடுப்புக்குப் போவதில்லை; கையில் இருந்தது அப்படியே தட்டுக்கு வருகிறது. கொதிக்கும் குழம்பைக் கரண்டியால் கிளறுகிறவரின் கையைவிட, சம்பல் பிசைகிறவரின் கைக்கே அதிகக் கவனம் வேண்டும். இருபது விநாடிக் கழுவலைத் தவறாமல் கைக்கொள்ள வேண்டிய இடம் சமையலறையில் இதுவே.

கையில் வெட்டுக் காயமோ சீழ்ப்புண்ணோ உள்ளவர் பிசையக்கூடாது. புண்ணில் இருக்கும் ஸ்டபிலோகொக்கசு பற்றீரியா உணவில் பெருகி ஒரு நச்சுப் பொருளை உண்டாக்கும். உணவைச் சூடாக்கினால் பற்றீரியா சாகும், ஆனால் அந்த நச்சு அழியாது. சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்திலேயே வாந்தி எடுப்பார்கள். வேறொருவர் பிசைய வழியில்லையென்றால் காயத்தைக் கட்டி, அதன் மேல் கையுறை அணிந்து கரண்டியாற் கலக்கலாம். வயிற்றோட்டமோ வாந்தியோ உள்ளவர் சமையலுக்கே வரக்கூடாது. நோய் நின்ற பின்னும் குறைந்தது இரண்டு நாள் விலகியிருப்பது நல்லது.

கோழி இறைச்சியில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் என்னும் பற்றீரியாக்கள் இருக்கலாம். இறைச்சியைத் தொட்ட கையோடு உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் திறந்தால், இறைச்சி வெந்து முடிந்த பிறகும் கிருமி டப்பா மூடியில் காத்திருக்கும். வேண்டிய தூள்களை முன்கூட்டியே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு இறைச்சியைத் தொடுவதே நல்ல ஒழுங்கு.

நீர்வெட்டு நாட்களில்

கொழும்பில் நீர்வெட்டு அறிவிக்கப்படும் வார இறுதிகளில் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். அந்த வாளிக்குள் கையை விட்டு அள்ளினால், முதலாமவரின் கை அழுக்கு முழு வாளிக்கும் போய்விடும். பிடியுள்ள கோப்பையால் அள்ளி, இன்னொருவர் ஊற்றக் கழுவுவது நல்லது. தனியாக இருப்பவர் ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் சிறு துளைகள் இட்டு, அதைச் சாய்த்தோ கட்டித் தொங்கவிட்டோ கழுவலாம். நனைக்கவும் அலசவும் மட்டும் நீர் விட்டால் ஒரு போத்தல் பலமுறை கழுவப் போதுமானது. வாளியை இறுக மூடி வைக்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த நீரில்தான்.

பிள்ளைகளுக்குப் பழக்குதல்

"கிருமி இருக்கிறது" என்று சொல்வதை விட, காட்டுவது பலன் தரும். பிள்ளையின் இரு கைகளிலும் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள்தூளைச் சிறிது தடவி, கண்ணை மூடிக்கொண்டு சவர்க்காரமிட்டுக் கழுவச் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்து பார்க்கும்போது, மெல்லிய சாயம் கையெங்கும் இருந்தாலும், பெருவிரலின் அடியிலும் நக ஓரங்களிலும் விரல் இடுக்குகளிலும் மஞ்சள் தடிப்பாக நிற்கும். "பார், அங்கே நீ தேய்க்கவில்லை" என்ற ஒரு சொல்லுக்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது.

நகத்தை வாரம் ஒருமுறை வெட்டிவிட வேண்டும். இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும் கீரிப்பூச்சி அரிப்பை உண்டாக்குகிறது; பிள்ளை சொறிய, முட்டை நகத்துக்குள் போய், காலையில் வாய்க்கு வருகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் இவ்வழியாற்தான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கை கழுவுவது இந்தச் சுற்றை அறுக்கும்.

பிறந்த குழந்தையையும் நோயாளியையும் பார்க்கப் போகும்போது

1847 ஆம் ஆண்டு வியன்னாப் பொது வைத்தியசாலையில் மருத்துவர்கள் மகப்பேறு பார்த்த பிரிவில், பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது, மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிட மிகக் கூடுதலாக இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செமல்வைஸ் கண்டுகொண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கிருமிகள் நோயை உண்டாக்குகின்றன என்று அறிவுலகம் ஏற்றுக்கொள்ளும் முன்னரே கிடைத்த பலன் இது.

பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ மகப்பேற்று விடுதிக்கோ போகிறவர்கள், படுக்கையருகே போகும் முன் ஒருமுறையும், விடுதியை விட்டு வெளியேறியதும் ஒருமுறையும் கழுவ வேண்டும். பிறந்த குழந்தையைத் தூக்க ஆசைப்படுபவர் பெரியம்மாவானாலும் அம்மம்மாவானாலும், தாய் கூச்சப்படாமல், "அம்மம்மா, கையைக் கழுவிவிட்டு வாருங்கோ, பிள்ளையைத் தாறன்" என்று சொல்லலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் முதலிற் கழுவி வழிகாட்டினால் தாய் அதைச் சொல்ல வேண்டிய நிலையே வராது. தடிமன் உள்ளவர்கள் கழுவினாலும் தூக்காமல் இருப்பதே குழந்தைக்கு நல்லது.

கைத்தோலைப் பேணுதல்

அடிக்கடி கழுவினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், புறங்கை வறண்டு வெடிக்கும். வெடித்த தோலில் கிருமிகள் தங்கும். எரிவின் காரணமாகக் கழுவவும் மனம் வராது. ஆகவே, கழுவியபின் உரசித் துடைக்காமல் ஒற்றித் துடைத்து, இலேசான ஈரம் இருக்கும்போதே சிறிது வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவலாம். சமைக்கும் நாட்களில் இதனை இரவு படுக்கப் போகும் முன் செய்யலாம். பாத்திரம் கழுவும் திரவமும் சலவைத்தூளும் கைச் சவர்க்காரத்தை விடக் கடுமையானவை என்பதால், அவற்றைக் கையாளும்போது றப்பர் கையுறை அணிய வேண்டும். கையுறையின் உட்புறம் ஈரமாகிவிட்டால் அதனைக் கழற்றிப் புறம் திருப்பிக் காயவைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் விரல் இடுக்குகளில் சிவப்பும் அரிப்பும் நீர் வடிதலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், சவர்க்காரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாள்தோறும் தண்ணீரில் கைவைத்து வேலை செய்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண்ணுக்கும் ஒவ்வாமைத் தடிப்புக்கும் மருந்துகள் வெவ்வேறானவை.